டிராக்டர் நிற்கும்போதே பேட்டரி இறங்குவது ஏன்?

கனகம்மாசத்திரம், திருத்தணி பகுதிகளில் நெல், கரும்பு, நிலக்கடலை பயிரிடும் விவசாயிகளின் டிராக்டர்கள் வருடம் முழுவதும் ஓடுவதில்லை. உழவு முடிந்தால் பத்து, இருபது நாட்கள் கொட்டகையில் நிற்கும். மழை பெய்து, ஈரம் காய்வதற்குள் உழுதுவிடலாம் என்று சாவியைத் திருப்பினால் 'டக்' என்ற சத்தத்தோடு ஸ்டார்ட்டர் நின்றுவிடுகிறது. உடனே பேட்டரி போய்விட்டது என்று சில ஆயிரம் ரூபாய் கொடுத்துப் புதியது வாங்குகிறார்கள். ஒரு மாதத்தில் அதுவும் இறங்கினால், குற்றம் வேறு இடத்தில் இருக்கிறது.

பேட்டரி பழுதா, டிராக்டர் மின்சாரத்தைக் குடிக்கிறதா என்பதை முதலில் பிரித்தறிய வேண்டும். பேட்டரியை முழுமையாகச் சார்ஜ் செய்து, இரண்டு ஒயர்களையும் கழற்றி வையுங்கள். சில மணி நேரம் கழித்து மீட்டரில் சுமார் 12.6 வோல்ட் இருக்க வேண்டும். மூன்று நாள் கழித்துப் பார்க்கையில் 12.4-க்குக் கீழே இறங்கியிருந்தால் பேட்டரியே பழுது. அப்படியே நின்றால் டிராக்டரில் கசிவு இருக்கிறது.

கழற்றும்போது முதலில் மைனஸ், மாட்டும்போது கடைசியில் மைனஸ் என்பதை மறக்கக் கூடாது. சார்ஜ் ஆகும் பேட்டரியிலிருந்து தீப்பற்றும் வாயு வருவதால் பக்கத்தில் பீடி பற்றவைப்பது ஆபத்து.

கசிவைக் கண்டுபிடிக்க 12 வோல்ட், 5 வாட் பல்பு ஒன்றும் இரண்டு துண்டு ஒயரும் போதும். சாவியை எடுத்து, எல்லா விளக்குகளையும் அணைத்துவிட்டு, மைனஸ் ஒயரைக் கழற்றுங்கள். பல்பின் ஒரு ஒயரைப் பேட்டரியின் மைனஸ் முனையிலும், மற்றதைக் கழற்றிய ஒயரிலும் வையுங்கள். பல்பு எரிந்தால், மங்கலாக எரிந்தாலும்கூட, ஏதோ ஒன்று மின்சாரத்தை இழுக்கிறது. இருட்டு நேரத்தில் செய்தால் மங்கலான வெளிச்சமும் தெரியும். அரை ஆம்பியர் அளவுக்குத் தொடர்ந்து கசிந்தாலே, 75 ஆம்பியர்-மணி பேட்டரி ஆறு நாளில் காலியாகிவிடும். ஸ்டார்ட்டர் அதற்கு முன்பே கைவிட்டுவிடும்.

பல்பு எரியும்போதே ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக உருவுங்கள். எதை உருவியதும் அணைகிறதோ, அந்த லைனில்தான் கோளாறு. பெரும்பாலும் டிரெய்லர் பின்விளக்கு ஒயர் தேய்ந்து பாடியில் உரசியிருக்கும், அல்லது எலி கடித்திருக்கும். எல்லா ஃபியூஸையும் உருவியும் எரிகிறதா? பாட்டுப் பெட்டி, செல்போன் சார்ஜர் முதலியவற்றை ஃபியூஸ் இல்லாமல் நேராகப் பேட்டரியில் இணைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். ஆடிக் கிருத்திகைக்குக் கட்டிய சீரியல் பல்பின் ஒயர் பிறகும் அப்படியே தொங்குவது உண்டு! அதுவும் இல்லையென்றால் ஆல்டர்னேட்டர் மீது சந்தேகம் கொள்ளலாம். சோதனைப் பல்பைக் கழற்றிவிட்டு, ஆல்டர்னேட்டரின் தடித்த ஒயரையும் கழற்றி, அதன் நுனி எதிலும் படாமல் டேப் சுற்றி, மீண்டும் பல்பை வையுங்கள். இப்போது எரியவில்லை என்றால் அதன் உள்ளே டயோடு பழுது. மெக்கானிக் மாற்றிக் கொடுப்பார். பல்பு மாட்டியிருக்கும்போது சாவியைத் திருப்பக் கூடாது.

கடிகாரம், மின்னணு மீட்டர் உள்ள புதிய வண்டிகளில் மிகச் சிறிதளவு மின்சாரம் எப்போதும் ஓடும். அதைக் கசிவென்று எண்ண வேண்டாம்.

பேட்டரியின் மேல்பக்க அழுக்கும் ஒரு திருடன். ஆசிட் கலந்த ஈரத் தூசி இரு முனைகளுக்கும் இடையே பாலம் போட்டுவிடுகிறது. மீட்டரின் ஒரு முனையை மைனஸிலும் மற்றதை மேல்மூடியின் அழுக்கிலும் தொட்டால் வோல்ட் காட்டும். மூடிகளை இறுக்கிவிட்டு, ஆப்பசோடா கரைத்த தண்ணீரால் துடைத்து, நல்ல தண்ணீரில் கழுவி, முனைகளில் வாசலின் தடவுங்கள். சோடாத் தண்ணீர் உள்ளே போய்விடக் கூடாது. செல்லில் ஊற்ற டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே. கிணற்றுத் தண்ணீர் தகடுகளைக் கெடுத்துவிடும்.

இரண்டு வாரத்துக்கு மேல் வண்டி நிற்குமானால் மைனஸ் ஒயரைக் கழற்றி வைப்பதே எளிய வழி. ஒயரைக் கழற்றிவிட்டாலும், வெயில் காலத்தில் பேட்டரி தானாகவே சற்று இறங்கும். மாதம் ஒருமுறை சார்ஜ் செய்ய வேண்டும். இறங்கிய நிலையிலேயே வாரக்கணக்கில் விட்டால் தகடுகளில் கந்தக உப்பு இறுகி, பிறகு எவ்வளவு சார்ஜ் செய்தாலும் பேட்டரி பழைய நிலைக்கு வராது.