கணக்கைக் காட்டினால் ஆள் வளரும்

கோவையில் பம்பு, மோட்டார், ஜவுளி இயந்திரம் செய்யும் பெரிய கம்பெனிகளைச் சுற்றி, அவற்றுக்கு உதிரிபாகம் கடைந்து கொடுக்கும் சின்னச் சின்ன யூனிட்டுகள் ஏராளம். அப்படியொரு சிஎன்சி யூனிட்டில், டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்த கையோடு இன்ஸ்பெக்‌ஷன் வேலைக்குச் சேர்ந்தேன். இன்று அதே யூனிட்டை நடத்துகிறேன். இம்மாதிரி இடங்களில் பதவிகள் வரிசையாகக் காத்திருப்பதில்லை. அடுத்த மேசைக்காரரின் கவலையை நாமும் சேர்ந்து சுமக்க ஆரம்பித்தால் அதுதான் வளர்ச்சி.

என் மேசையின் கவலை, அளவு. பம்பு ஷாஃப்டில் பேரிங் உட்காரும் இடம் 25 மில்லிமீட்டர் என்று வையுங்கள். டிராயிங்கில் ‘கே6’ என்று போட்டிருந்தால் அது 25.002-க்கும் 25.015-க்கும் நடுவில் இருக்க வேண்டும். இடைவெளி 13 மைக்ரான். மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் 13 பங்கு. “ஆறட்டும் அம்மணி, அப்புறம் அளக்கலாம்” என்பார் எங்கள் ஃபோர்மேன். மெஷினிலிருந்து சுடச்சுட எடுத்த ஷாஃப்ட் 30 டிகிரி கூடுதல் சூட்டில் இருந்தால், விட்டம் சுமார் 8 மைக்ரான் பெருத்திருக்கும். அப்போது மைக்ரோமீட்டரில் சரியாகக் காட்டும் பீஸ், ஆறியதும் அளவுக்குக் கீழே போய்விடலாம். பிறகு பேரிங் இறுக்கமாக உட்காராது.

ரிஜெக்ட் ஆன பீஸை ஒதுக்கி வைப்பதோடு என் வேலை முடிந்தது. ஆனாலும் ஏன் அப்படி வந்தது என்று மெஷின் பக்கம் போய்க் கேட்பேன். வெட்டும் முனையான இன்செர்ட் தேய்ந்திருக்கும், பீஸைக் கவ்வும் சக்கில் பிடிமானம் தளர்ந்திருக்கும். ஆபரேட்டரின் கவலை எனக்குப் பிடிபட்டது அப்படித்தான்.

இதைக் கவனித்த முதலாளி, கொட்டேஷன் போடும்போது என்னைப் பக்கத்தில் உட்கார வைத்தார். கடைய 4 நிமிடம், மாட்டிக் கழற்ற 1 நிமிடம் என்றால் மணிக்கு 12 பீஸ். இன்செர்ட் மாற்றுவது, அளப்பது எல்லாம் போக 10-தான் கைக்கு வரும். மெஷின் ஓடும் செலவு மணிக்கு 450 ரூபாய் என்றால் பீஸுக்கு 45 ரூபாய் அடக்கம். பத்தில் ஒன்று ரிஜெக்ட் ஆனால் அதே 450 ரூபாயை 9 பீஸ் சுமக்கும். அடக்கம் 50 ரூபாய். நான் ஒதுக்கிய ஒவ்வொரு பீஸுக்கும் பின்னால் எவ்வளவு பணம் போகிறது என்று அந்தக் காகிதத்தில்தான் பார்த்தேன்.

பொறுப்புக்கு வந்தபின் தெரிந்த பெரிய கவலை, வசூல். சட்டம் நம் பக்கம்தான். 2006-ம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் மேம்பாட்டுச் சட்டப்படி, குறு, சிறு நிறுவனத்துக்குத் தர வேண்டிய பணத்தை வாங்குபவர் அதிகபட்சம் 45 நாளில் தந்தாக வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல மூன்று மடங்கு கூட்டு வட்டி உண்டு. ஆனால் மாதாமாதம் ஆர்டர் தருகிறவரிடம் வட்டி கேட்க யாருக்கு மனம் வரும்? சம்பளமோ 7-ம் தேதிக்குள் போயாக வேண்டும். அதனால் எந்த ஒரு வாடிக்கையாளரின் ஆர்டரும் எங்கள் வேலையில் பாதியைத் தாண்டாமல் பார்த்துக்கொள்கிறேன்.

என்னைவிட மூத்த ஆபரேட்டர்களை இன்றும் ‘அண்ணா’ என்றுதான் கூப்பிடுகிறேன். மெஷின் செட்டிங்கில் அவர்கள் சொல்தான் முடிவு. டெலிவரி தேதிக்கு நான் பொறுப்பு. இந்த எல்லை தெளிவாக இருப்பதால் யார் மரியாதையும் குறைவதில்லை.

சிறு யூனிட் நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். செலவுக் கணக்கைப் பூட்டி வைக்காதீர்கள். ஒரு நிமிடத்தின் விலை தெரிந்த ஆபரேட்டர் இன்செர்ட்டை நேரத்தில் மாற்றுகிறார், சந்தேகம் வந்தால் மெஷினை நிறுத்திக் கேட்கிறார். எங்கள் யூனிட்டில் இப்போது கொட்டேஷன் போடும்போது ஷிஃப்டிலிருந்து இரண்டு பேர் கூட உட்காருகிறார்கள். அவர்களில் ஒருவர், போன வருடம் சேர்ந்த பொண்ணு. அடுத்த ஆர்டருக்கான விலையை அவரையே போடச் சொல்லியிருக்கிறேன்.