எண்போல் இருப்பதெல்லாம் எண் அல்ல

இணையக் கடை திறக்கப்போகும் ஜவுளி வியாபாரி ஒருவரிடம் 5,000 உருப்படிகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். பெயர், விலை, இருப்பு, அளவு, பார்கோடு என்று ஒவ்வொன்றையும் திரையில் தட்டிக்கொண்டிருந்தால் தீபாவளியே வந்துவிடும். ஆகவே எல்லாவற்றையும் ஓர் எழுத்துக் கோப்பில் எழுதி மொத்தமாக ஏற்றுகிறார்கள். வரிக்கு ஒரு சரக்கு, விவரத்துக்கு விவரம் ஒரு காற்புள்ளி. சிஎஸ்வி எனப்படும் இந்தக் கோப்பைப் பெரும்பாலான இணையக் கடை மென்பொருள்கள் ஏற்றுக்கொள்கின்றன.

இந்த முறை இணையத்தைவிடப் பழையது. காற்புள்ளியால் பிரித்த தரவை 1972இலேயே ஐபிஎம் நிறுவனத்தின் ஃபோர்ட்ரான் மென்பொருள் படித்தது. அதன் விதிகளைத் தொகுத்துச் சொல்லும் ஆர்எஃப்சி 4180 என்ற ஆவணம் வந்ததோ 2005இல்தான். அதுவும் கட்டாயத் தரம் அல்ல, தகவல் குறிப்பு. இடைப்பட்ட காலத்தில் ஒவ்வொரு மென்பொருளும் தனக்குத் தோன்றியபடி எழுதியது, தோன்றியபடி படித்தது. அந்தக் குழப்பத்தின் பலனை இன்றும் கடைக்காரர்கள் அனுபவிக்கிறார்கள்.

ஒரு வரியைப் பாருங்கள்: பட்டுப்புடவை,12,500,7. விலை 12,500 ரூபாய், கையிருப்பு 7 என்பது நமக்குத் தெரிகிறது. கணினிக்கு விலை 12 ரூபாய், இருப்பு 500. மீதமுள்ள 7 அடுத்த பத்திக்குத் தள்ளப்பட்டுவிடும். விலையை இரட்டை மேற்கோள் குறிக்குள் அடைத்தால் சரியாகும். ஆனால் மேற்கோள் குறியிலும் வில்லங்கம் உண்டு. எவர்சில்வர் தட்டின் விட்டத்தை 12 என்று எழுதி அங்குலத்துக்காக இரட்டைக் கோடு போட்டால், சில மென்பொருள்கள் அதை மேற்கோளின் தொடக்கம் என்று எடுத்துக்கொள்ளும். அடுத்த மேற்கோள் குறி வரும்வரை உள்ள வரிகள் எல்லாம் அந்த ஒரே தட்டின் பெயருக்குள் போய் அடைந்துவிடும்.

இவையாவது கண்ணுக்குத் தெரியும் பிழைகள். கண்ணுக்குத் தப்புபவைதான் ஆபத்தானவை. சிஎஸ்வி கோப்பில் எழுத்துகள் மட்டுமே இருக்கும். இது எண், இது தேதி, இது வெறும் அடையாளக் குறி என்று சொல்லும் வசதி அதில் இல்லை. எனவே திறக்கும் மென்பொருள் ஊகிக்கிறது. குழந்தை உடையின் அளவு 2-4 என்றிருந்தால் எக்ஸெல் அதை ஏப்ரல் 2 என்றோ பிப்ரவரி 4 என்றோ மாற்றிவிடும்.

பார்கோட்டின் கதை இன்னும் மோசம். 8901234567890 என்ற மாதிரிக் குறியை எடுத்துக்கொள்வோம். 890 என்பது இந்தியாவில் பதிவான குறிகளின் முன்னொட்டு. 13 இலக்கங்களைக் கண்டதும் எக்ஸெல் அதைப் பெரிய எண் என்று நினைத்து, 8.90123 பெருக்கல் பத்தின் 12ஆம் அடுக்கு என்று சுருக்கிக் காட்டும். அப்படியே சிஎஸ்வியாகச் சேமித்தால் கோப்பில் போய் அமர்வதும் அந்தச் சுருக்கம்தான். திரும்ப விரித்தால் 8901230000000. அதே ஏழு இலக்கங்களில் தொடங்கும் எல்லாச் சரக்குகளுக்கும் இப்போது ஒரே குறி! குறியை வைத்துப் பழைய பதிவைப் புதுப்பிக்கும் கடை மென்பொருள், ஒவ்வொரு வரியையும் முந்தைய வரியின்மேல் எழுதும். கடைசியில் ஒரே ஒரு சரக்கு மிஞ்சும்.

இதைத் தடுக்கும் வழி பார்கோட்டுக்குள்ளேயே இருக்கிறது. முதல் 12 இலக்கங்களை வரிசையாக 1, 3, 1, 3 என்று மாற்றி மாற்றிப் பெருக்கிக் கூட்டவேண்டும். நம் மாதிரியில் 130 வருகிறது. அடுத்த பத்தின் மடங்கை எட்ட எவ்வளவு தேவையோ அதுவே 13ஆவது இலக்கம். 130 ஏற்கெனவே பத்தின் மடங்கு, ஆகவே 0. சிதைந்த குறியில் கூட்டுத்தொகை 49. கடைசி இலக்கம் 1 ஆக இருக்கவேண்டும், இருப்பதோ 0. ஒரு நொடிகூட ஆகாத இந்தக் கணக்கைப் போட்டிருந்தால் ஏற்றும்போதே பிழை பிடிபட்டிருக்கும்.

ஆய்வகங்களும் எக்ஸெலின் இந்த ஊகத்துக்குத் தப்பவில்லை. மார்ச்1, செப்ட்2 என்று குறியிட்ட மனித மரபணுக்களை எக்ஸெல் தேதிகளாக்கிக்கொண்டே இருந்தது. 2016இல் வெளியான ஓர் ஆய்வு, மரபணுப் பட்டியலை எக்ஸெல் கோப்பாக இணைத்த கட்டுரைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் இப்பிழை இருப்பதைக் காட்டியது. 2020இல் மரபணுக்களுக்குப் பெயரிடும் குழு அந்தப் பெயர்களையே மாற்றியது. மென்பொருளுக்காக மனிதர்கள் இறங்கிவந்தார்கள். தானாக மாற்றுவதை நிறுத்தும் வசதி எக்ஸெலில் 2023இல்தான் வந்தது.

பிரிட்டனில் நடந்தது அதைவிடக் கொடுமை. ஆய்வகங்கள் சிஎஸ்வியாக அனுப்பிய கோவிட் முடிவுகளைப் பொதுச் சுகாதார அமைப்பு பழைய எக்ஸெல் வடிவத்துக்கு மாற்றியது. அதில் 65,536 வரிகளுக்குமேல் இடமில்லை. வழிந்தவை ஓசையின்றி விடுபட்டன. 2020 செப்டம்பர் இறுதியிலிருந்து அக்டோபர் தொடக்கம்வரை 15,841 தொற்றுகள் கணக்கில் வராமல், தொற்றுக்கு ஆளானவர்களோடு பழகியவர்களைத் தேடும் பணி தாமதமானது.

தமிழில் பெயர் வைக்கும் கடைக்காரர்களுக்குத் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட். முதல் பைட் எப்போதும் 224, இரண்டாவது 174 அல்லது 175. பழைய மேற்கத்தியக் குறியீட்டில் 224 என்பது தலையில் சாய்கோடு போட்ட ஆங்கில 'ஏ', 174 என்பது வட்டத்துக்குள் 'ஆர்'. கோப்பு தவறாகத் திறக்கப்பட்டால் இவை திரும்பத் திரும்ப வருவது இதனால்தான். பயப்பட வேண்டாம், சேமிக்காமல் மூடிவிட்டு யூடிஎஃப்-8 என்று குறிப்பிட்டுத் திறந்தால் தமிழ் திரும்பிவிடும். ஆனால் தமிழ்ப் பட்டியலை யூடிஎஃப்-8 அல்லாத சாதாரண சிஎஸ்வியாகச் சேமித்து எழுத்தெல்லாம் கேள்விக்குறியாகிவிட்டால், அந்தக் கோப்பிலிருந்து எதையும் மீட்க முடியாது.

கடைக்காரர்களுக்குச் சொல்லவேண்டியது: சிஎஸ்வி கோப்பை இரண்டு முறை சொடுக்கித் திறக்காதீர்கள். எக்ஸெலின் தரவு இறக்குமதி வழியாகத் திறந்து, பார்கோடு, அளவு, தொலைபேசி எண் உள்ள பத்திகளை எழுத்து வகை என்று குறியுங்கள். கூட்டவோ பெருக்கவோ போகாத எதுவும் எண் அல்ல. மூலக் கோப்பைத் தொடாமல் ஒரு பிரதி வையுங்கள். முதலில் பத்து வரிகளை மட்டும் ஏற்றிப் பாருங்கள்.

கடை மென்பொருள் எழுதுவோருக்கு ஒரு வேண்டுகோள். ஒரு வரி பழுதென்றால் ஊகிக்காதீர்கள். ஏற்றுவதை நிறுத்தி, எந்த வரி, எந்தப் பத்தி, என்ன பிழை என்று கடைக்காரருக்குப் புரியும் தமிழில் சொல்லுங்கள்.