சதுர அடிக்கு எவ்வளவு பேசியிருக்கீங்க?

வீடு கட்டப்போவதாக ஒருவர் வாயைத் திறந்தால் போதும், சுற்றியிருப்பவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். பதில் எதுவானாலும், “ஐயய்யோ, கூடக் கொடுத்துட்டீங்களே” என்பார் ஒருவர். “இந்த ரேட்டுக்கா? பாதியில விட்டுட்டுப் போயிடுவான், பாத்துக்கங்க” என்பார் மற்றொருவர். இருவருக்குமே கேட்கத் தோன்றாத கேள்வி, மேஸ்திரி எதையெல்லாம் சதுர அடி என்று அளக்கப்போகிறார் என்பது.

ரேட்டில் ஐந்து ரூபாய் குறைக்க ஒரு மணி நேரம் மல்லுக்கட்டுகிறோம். அளவைப் பற்றி ஐந்து நிமிடம்கூடப் பேசுவதில்லை. வேலையாள் செலவு கைமீறிப் போவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

ஓர் உதாரணக் கணக்கு போடலாம். 1,000 சதுர அடி வீடு. முதல் மேஸ்திரி சதுர அடிக்கு 420 ரூபாய் லேபர் கேட்கிறார், இரண்டாமவர் 480. முதலாமவருக்கே வேலை என்று மனம் முடிவுகட்டிவிடும். ஆனால் வீட்டைச் சுற்றி ஓடும் சன்ஷேடு 160 சதுர அடி, போர்டிகோ 150, மாடிப்படிக்கு மேலே ஹெட்ரூம் 100 என்று வையுங்கள். முதலாமவர் இவை மொத்தத்தையும் முழுசாக அளக்கிறார்: 1,410 சதுர அடி, 5,92,200 ரூபாய். இரண்டாமவர் இவற்றுக்குப் பாதி அளவுதான் என்கிறார்: 1,205 சதுர அடி, 5,78,400 ரூபாய். 60 ரூபாய் கூடுதலாகக் கேட்டவர் முடிவில் 13,800 ரூபாய் குறைவாக முடிக்கிறார். அஸ்திவாரம் எத்தனை அடி ஆழம் வரை இந்த ரேட்டில் சேர்த்தி, கைப்பிடிச் சுவர், லாஃப்ட், தண்ணீர்த் தொட்டி, செப்டிக் டேங்க், காம்பவுண்டு சுவர் எல்லாம் உள்ளேயா வெளியேயா என்ற விவகாரங்கள் இந்தக் கணக்கில் வரவே இல்லை. “அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம் சார்” என்று மேஸ்திரி சொன்னால், பார்த்துக்கொள்ளப்போவது நம் பணப்பையைத்தான்.

மேஸ்திரியை மட்டும் சொல்வது நியாயமில்லை. ஒவ்வொரு தொழிலுக்கும் ஓர் அளவு இருக்கிறது. எலக்ட்ரீஷியன் பாயின்ட் கணக்கு போடுவார். ஒரே போர்டில் இருக்கும் ஃபேன், லைட், பிளக் மூன்றும் ஒரு பாயின்டா மூன்றா என்று முதலிலேயே பேசாவிட்டால் கடைசியில் சண்டை. டைல்ஸ் போடுபவருக்குத் தரை சதுர அடி, சுவரோரப் பட்டை மட்டும் நீட்டு அடி. கிரில் கேட்டுக்குக் கிலோ. ஆசாரிக்கு நிலை, கதவு என்றால் உருப்படிக் கணக்கு, அலமாரி என்றால் சதுர அடி.

பெயின்டர் கொடுக்கும் கணக்கைப் பார்த்து மயக்கம் போட்டவர்கள் நிறைய. “ஆயிரம் சதுர அடி வீட்டுக்கு மூவாயிரத்துச் சொச்சம் அடி எப்படிங்க வரும்?” என்று எகிறுவார்கள். வரும். உள்சுவர்களும் சீலிங்கும் சேர்ந்தால் தரைப்பரப்பைப்போல மூன்று, மூன்றரை மடங்கு ஆவது சாதாரணம். பெயின்டர் இங்கே ஏமாற்றவில்லை. கவனிக்க வேண்டியது கதவு, சன்னலுக்குக் கழிவு உண்டா என்பதை. கட்டட வேலைகளை அளப்பதற்கென்றே ஐஎஸ் 1200 என்ற இந்தியத் தர விதித்தொகுப்பு இருக்கிறது. பூச்சு வேலைக்கு அது சொல்வது இது: அரை சதுர மீட்டர் வரையுள்ள திறப்புக்குக் கழிவு கிடையாது. அரை முதல் 3 சதுர மீட்டர் வரை என்றால் சுவரின் ஒரு பக்கத்தை மட்டும் கழிக்க வேண்டும், ஓரங்களின் பூச்சைத் தனியாகச் சேர்க்கக் கூடாது. அதற்கும் மேல் என்றால் இரண்டு பக்கமும் கழிவு, ஓரங்கள் சேர்ப்பு. மூன்றடிக்கு ஏழடிக் கதவு 2 சதுர மீட்டருக்குச் சற்றுக் குறைவு; ஆக ஒரு பக்கக் கழிவு. இந்த விதி ஊர்ப்பக்கம் பெரும்பாலும் யாருக்கும் தெரியாது. எடுத்துச் சொன்னால் மேஸ்திரி சிரிப்பார். ஆனாலும் வழக்கு வந்தால் பேசுவதற்கு ஒரு பொது அளவுகோலாவது கையில் இருக்கும்.

ஆள் வைக்கும் முறை மூன்று. நாள் கூலிக்கு வைத்தால் வேலை நறுவிசாக இருக்கும், நாள் இழுக்கும். கூடவே நின்று பார்க்க வீட்டில் ஓர் ஆள் வேண்டும். பொருளோடு சேர்த்து மொத்தமாகக் கொடுத்தால் தலைவலி குறைவு. ஆனால் எந்தக் கம்பி, எந்த மணல், எத்தனை கோட்டிங் என்பதெல்லாம் கான்ட்ராக்டர் மனசு. பலரும் நடுவழியாக எடுப்பது லேபர் கான்ட்ராக்ட்: பொருள் நம்முடையது, வேலை அவருடையது. இதில் பலருக்குத் தெரியாத லாபம் ஒன்று உண்டு. அடுக்குமாடித் திட்டத்தில் சேராத தனி வீட்டைப் புதிதாகக் கட்ட, பொருள் சேராத வெறும் லேபர் ஒப்பந்தம் போட்டால் ஜிஎஸ்டி கிடையாது. பதிவு பெற்ற கான்ட்ராக்டரிடம் பொருளோடு ஒப்படைத்தால் 18 சதவீதம் விழும். 2025 செப்டம்பரில் சிமென்ட் வரி 28-இலிருந்து 18 சதவீதமாக இறங்கியபோது வீடு கட்டுகிறவர்கள் கொண்டாடினார்கள். மொத்தச் செலவில் ஏறத்தாழ கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குவரை விழுங்கும் கூலியை எப்படிப் பேசுவது என்பதில் அந்த அக்கறையைப் பார்க்க முடிவதில்லை.

அளவுக்கு அடுத்தபடி பணத்தைத் தின்பது காத்திருப்பு. ஆடியிலும் மார்கழியிலும் பெரும்பாலும் யாரும் பூஜை போடுவதில்லை. ஆவணி, தை பிறந்தால் ஊரில் பாதிப்பேர் ஒரே வாரத்தில் வானம் தோண்டுகிறார்கள். மேஸ்திரிகளும் வந்த வேலையை விடுவதில்லை. நான்கைந்து வீடுகளைக் கையில் எடுத்துக்கொண்டு, எந்த வீட்டுக்காரர் அதிகம் சத்தம் போடுகிறாரோ அங்கே ஆளை அனுப்புகிறார்கள். ஐப்பசி, கார்த்திகையில் மழை. தீபாவளி, சத் பூஜை, ஹோலி, ஊர்த் தேர்தல் என்று வடமாநிலத் தொழிலாளர்கள் ரயிலேறினால் திரும்பி வரும்வரை வேலை நிற்கும். வாடகை வீட்டில் இருந்துகொண்டு வங்கிக் கடனுக்கும் வட்டி கட்டுகிறவருக்கு ஒரு மாதத் தாமதம் என்ன செலவு என்பதை எந்தக் கொட்டேஷனும் காட்டாது. முகூர்த்தம் பற்றிச் சொல்வதற்குத் தயக்கமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும், பூஜையை மட்டும் நல்ல நாளில் முடித்துவிட்டு வேலையைக் கூட்டம் குறைந்த மாதத்தில் தொடங்கினால் ஆளும் கிடைப்பார், ரேட்டும் படியும்.

காத்திருப்புக்கு நேர் எதிரான அவசரமும் உண்டு. சென்ட்ரிங்காரரின் ஷீட்டும் முட்டும் அடுத்த வீட்டுக்குப் போனால்தான் அவருக்கு வரும்படி. அதனால் தளம் போட்ட ஐந்தாம் நாளே பிரிக்கலாமா என்று நிற்பார். ஐஎஸ் 456 விதிப்படி, சாதாரண போர்ட்லேண்ட் சிமென்டில் போட்ட தளத்தின் ஸ்பான், அதாவது அதைத் தாங்கும் சுவர்களுக்கு இடையிலான தூரம், நாலரை மீட்டர் வரை என்றால் 7 நாள், அதற்கு மேல் என்றால் 14 நாள் முட்டு நிற்க வேண்டும். ஆறு மீட்டர் வரையுள்ள பீமுக்கு 14 நாள், அதற்கு மேல் 21. ஷீட் நிற்கும் நாளுக்கும் சேர்த்துத்தான் இந்த ரேட் என்று முன்கூட்டியே பேசிவிட்டால், அவருக்கும் அவசரமில்லை, நமக்கும் தகராறில்லை. தண்ணீர் விடும் வேலையும் அப்படித்தான். லேபர் கான்ட்ராக்டில் அது வீட்டுக்காரர் தலையில் என்பது எழுதாத சட்டம். காலையும் மாலையும் ஹோஸைப் பிடிக்க ஆள் இல்லாதவர் அதற்கென்று தனிக் கூலி ஒதுக்கிக்கொள்ள வேண்டும்.

பாதியில் நிற்கும் வீடுகளில் பல, பணத்தைப் பிரித்துக் கொடுத்த விதத்தால்தான் அப்படி நிற்கின்றன. அட்வான்ஸ், பேஸ்மென்ட், லிண்டல், ரூஃப், பூச்சு என்று கட்டம் கட்டமாகப் பேசுவார்கள். ரூஃப் முடியும்போது பேசிய தொகையில் எண்பது சதவீதம் போய்விட்டால், மீதி இருபதுக்குப் பூச்சும் படிக்கட்டும் தளஓடும் செய்ய எந்த மேஸ்திரிக்கும் கை வராது. போனை எடுக்க மாட்டார். புது மேஸ்திரியைக் கூப்பிட்டால், சுவரைத் தட்டிப் பார்த்து, “யாருங்க கட்டுனது? தூக்குக்குண்டே நிக்கல” என்று தொடங்கி, அடுத்தவர் விட்ட வேலைக்கு இரட்டை ரேட் சொல்வார். மீதி வேலையின் மதிப்பைவிடக் கையில் நிற்கும் பணம் எப்போதும் கொஞ்சம் கூடுதலாக இருக்கும்படி கட்டங்களை அமைப்பதற்கு இரண்டு தாள் போதும். அதை எழுதச் சொன்னால், “நம்பிக்கை இல்லையா சார்?” என்ற கேள்வி வரும். நம்பிக்கை இருப்பதால்தான் எழுதுகிறோம் என்று சொல்லி எழுதிக்கொள்ளலாம்.

இவ்வளவு பேரம் பேசிக் கொடுக்கும் பணம் யார் கைக்குப் போகிறது? ரிசர்வ் வங்கியின் மாநிலப் புள்ளிவிவரக் கையேட்டின்படி, 2021-22-இல் கிராமப்புறக் கட்டுமானத் தொழிலாளியின் சராசரி நாள் கூலி கேரளத்தில் சுமார் 838 ரூபாய், தமிழ்நாட்டில் 479, மத்தியப் பிரதேசத்தில் 267. வடக்கேயிருந்து இளைஞர்கள் ஏன் ரயிலேறி வருகிறார்கள் என்பதற்கு இந்த மூன்று எண்களுக்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. நம் ஊர்க் கொத்தனார் கேட்கும் கூலி இந்தச் சராசரியைவிட எங்கேயோ மேலே இருக்கிறது. சித்தாளின் நிலை வேறு. கலவை சுமந்து, செங்கல் எடுத்துக்கொடுத்து, கடைசியில் இடத்தையும் கூட்டிப் பெருக்கிவிட்டுப் போகும் பெண்ணுக்குக் கொத்தனார் கூலியில் பாதி, மிஞ்சிப்போனால் மூன்றில் இரண்டு பங்கு. இருபது வருடம் கலவை சுமந்தாலும் கரண்டி அவர் கைக்கு வருவது அபூர்வம். “கூலி தாறுமாறா ஏறிப்போச்சு” என்று புலம்புகிறவர்கள் யாருடைய கூலியைச் சொல்கிறார்கள் என்று கேட்டுப் பார்க்கலாம்.

தமிழ்நாட்டில் கட்டுமானத் தொழிலாளர் நலவாரியம் 1994-லேயே வந்துவிட்டது. 1996-இல் மத்திய அரசும் சட்டம் போட்டு, கட்டுமானச் செலவில் குறைந்தது 1 சதவீதத்தை நலநிதிக்கு வசூலிக்க வழிசெய்தது. செலவு குறிப்பிட்ட வரம்பைத் தாண்டினால் வீடு கட்டுகிறவரும் இதற்குப் பணம் கட்டுகிறார். பிள்ளைகள் படிப்புக்கு உதவி, அறுபது வயதுக்கு மேல் ஓய்வூதியம், விபத்துக்கு இழப்பீடு எல்லாம் இந்த வாரியத்தின் பெயரில் இருக்கின்றன. அட்டை இருக்க வேண்டும், அது புதுப்பிக்கப்பட்டிருக்க வேண்டும். ரேட் பேசும் நாளில் மேஸ்திரியிடம், “ஆளுங்களுக்கு வாரிய அட்டை இருக்கா? சாரத்துல இருந்து யாராவது விழுந்தா ஆஸ்பத்திரிச் செலவு யாரோடது?” என்றும் கேட்டு, அவர் சொல்லும் பதிலை அந்த இரண்டு தாளிலேயே எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டுக்கொள்ள வேண்டும்.