சுமப்பது காற்று: பஸ், லொறி ரயர்களைத் தெரிவதும் பேணுவதும்

ஒரு பஸ்ஸோ லொறியோ தன் எடை முழுவதையும் ரயருக்குள் அடைபட்ட காற்றின் மேல் ஏற்றிக்கொண்டுதான் நிற்கிறது. இறப்பரும் உருக்குக் கம்பியும் அந்தக் காற்றைப் பிடித்துவைக்கவும் வீதியைப் பற்றவும் உள்ளவை. காற்று குறைந்தால் எடை ரயரின் பக்கச் சுவரில் இறங்கும். சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடிந்து நிமிர்ந்து சூடேறும். நெடுந்தூர வாகனங்களில் ரயர் வெடிப்பதற்குப் பெரும்பாலும் இந்தச் சூடே காரணம். ஆணியும் கல்லும் அதற்கு அடுத்தபடிதான்.

வன்னியில் ஓடும் கனரக வாகனங்களுக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும். வவுனியாவிலிருந்து கிளிநொச்சி வரை ஏ9 வீதி காபெற் போட்ட நேர்வீதி. ஓமந்தை, புளியங்குளம், கனகராயன்குளம், மாங்குளம் என்று வேகம் குறையாமல் ஓடலாம். நண்பகல் வெயிலில் அந்தத் தார் கை வைக்க முடியாதபடி கொதிக்கும். பிரதான வீதியை விட்டு நெடுங்கேணி, துணுக்காய், அக்கராயன் பக்கம் உள்வீதிகளில் இறங்கினால் கிரவலும் கூர்க்கல்லும் குழியும். மணலும் நெல்லும் ஏற்றும் லொறி ஒரே நாளில் இரண்டையும் காண்கிறது. காபெற்றில் சூடேறிய ரயர்தான் மாலையில் கிரவலில் வெட்டு வாங்குகிறது.

தெரிவு செய்வதற்கு முதலில் ரயரின் பக்கத்தில் எழுதியிருப்பதை வாசிக்கத் தெரிய வேண்டும். பழைய அசோக் லேலண்ட் பஸ்களிலும் பல லொறிகளிலும் காணப்படும் 10.00R20 என்ற அளவில், 10 என்பது ரயரின் அகலம் அங்குலத்தில். 20 என்பது றிம்மின் விட்டம். நடுவில் உள்ள R, ரேடியல் ரயரைக் குறிக்கிறது. அதில் உருக்குக் கம்பிகள் ஒரு விளிம்பிலிருந்து மற்ற விளிம்புக்கு நேர் குறுக்காக ஓடும். மிஷெலின் நிறுவனம் 1946இல் காப்புரிமை பெற்ற அமைப்பு இது. R இல்லாமல் 10.00-20 என்று இருந்தால் பழைய நைலோன் ரயர். அது குறைவாகவே வெட்டுப்படும், ஆனால் கூடுதலாகச் சூடேறும். நீண்ட ஓட்டத்துக்கு ரேடியலே நல்லது. ஒரே அச்சில் இரண்டையும் கலந்து போடவே கூடாது. புதிய சொகுசு பஸ்களிலும், வெளிநாடுகளில் ஓடும் மிகப் பெரிய வீட்டு வாகனங்கள் சிலவற்றிலும் 22.5 அங்குல றிம்முக்கான ரியூப் இல்லாத ரயர்கள் வருகின்றன. 295/80R22.5 என்றால் அகலம் 295 மில்லிமீற்றர், சுவரின் உயரம் அந்த அகலத்தில் 80 வீதம்.

அளவுக்கு அடுத்து வரும் 146/143K போன்ற எழுத்தைத்தான் பலர் பார்க்காமல் விடுகிறார்கள். கொள்வனவில் மிகவும் பயன்படுவதும் அதுவே. 146 என்பது ரயர் தனியாகப் பூட்டப்படும்போது 3000 கிலோ சுமக்கும் என்பதன் குறி. 143 என்பது இரட்டையாகப் பூட்டும்போது ஒவ்வொன்றும் 2725 கிலோ சுமக்கும் என்பது. K என்றால் மணிக்கு 110 கிலோமீற்றர் வரை. இதைக் கொண்டு ஒரு சிறிய கணக்குப் போடலாம். இரண்டு அச்சுள்ள 16 தொன் வகை வாகனத்தில், முழுச் சுமையோடு பின் அச்சில் 10 தொன்னளவு விழும். பின்னால் உள்ள நாலு ரயரும் சேர்ந்து சுமக்கக்கூடியது 10,900 கிலோ. மிச்சம் 900 கிலோதான். ஆசனங்கள் நிறைந்த பஸ்ஸில் மேலும் முப்பது பேர் நின்றால், ஒருவருக்கு 60 கிலோ வைத்தாலே 1800 கிலோ கூடும். அதில் பெரும்பகுதி பின் அச்சுக்கே போகும். பின்பெட்டியில் அரிசி மூட்டைகளும் ஏறினால் இந்த இருப்பு முற்றாகக் கரைந்துவிடும். அறுவடைக் காலத்தில் பலகை உயர்த்தி நெல் ஏற்றும் லொறிகளின் நிலை இதைவிட மோசம். நிறுவைத் தளம் உள்ள இடத்தில் வாகனத்தை முழுச் சுமையோடு ஒரு தடவை, முன் அச்சைத் தனியாகவும் பின் அச்சைத் தனியாகவும் நிறுத்துப் பார்த்துவிட்டு ரயர் வாங்குவதே சரியான ஒழுங்கு.

தடத்தின் வடிவமும் வேலையைப் பொறுத்தது. சுற்றிவர நீளக் கோடுகள் உள்ள தடம் ஏ9இல் ஓடும் பஸ்ஸின் முன்சில்லுக்கு ஏற்றது. சூடு குறைவு, திருப்புவது இலகு, மழைநீரையும் வெளியேற்றும். கிரவலில் மணல் ஏற்றும் லொறியின் பின்சில்லுக்குக் கட்டைகட்டையான ஆழத் தடம் வேண்டும். இரண்டுக்கும் பொது என்று விற்கப்படும் தடங்கள் வன்னியின் கலப்பு ஓட்டத்துக்குப் பெரும்பாலும் போதும்.

காற்றுக்கு வருவோம். மேலே சொன்ன 3000 கிலோ, சதுர அங்குலத்துக்கு 120 இறாத்தல் அளவில் காற்று இருந்தால்தான் கிடைக்கும். காற்று 90க்கு இறங்கினால், அதே ரயர் பாதுகாப்பாகச் சுமப்பது ஏறத்தாழ 2400 கிலோ மட்டுமே. எவ்வளவு அடிக்க வேண்டும் என்பதைச் சுமைதான் தீர்மானிக்கிறது. உற்பத்தியாளர்கள் ஒவ்வோர் அளவுக்கும் சுமை, காற்று அட்டவணை வெளியிடுகிறார்கள். பக்கச் சுவரில் அச்சிட்ட இலக்கம் உச்சச் சுமைக்குரியது. எல்லா வாகனத்துக்கும் ஒரே இலக்கத்தை அடிப்பது கடைக்காரருக்கு இலகுவாக இருக்கலாம், ரயருக்கு நல்லதல்ல. கூடினால் நடுத்தடம் தேயும், குழியில் விழும்போது கம்பி அறும். ஆனால் இரண்டு தவறுகளிலும் காற்றுக் குறைவே ஆபத்தானது.

காற்றை அளப்பது ரயர் குளிர்ந்திருக்கும்போது. அதாவது காலையில், வாகனம் புறப்படுமுன். ஓடத் தொடங்கினால் உள்ளே சூடேறி 10 முதல் 15 இறாத்தல் வரை கூடுவது இயல்பு. ரயர் அதற்கென்றே செய்யப்பட்டது. வழியில் நிறுத்தி, காற்றுக் கூடிவிட்டது என்று திறந்து விடுவது பெரும் பிழை. குளிர்ந்ததும் அது குறைவான காற்றோடு நிற்கும், அடுத்த ஓட்டத்தில் இன்னும் சூடேறும். நைதரசன் அடிப்பதைப் பற்றியும் கேள்விகள் உண்டு. சாதாரணக் காற்றில் 78 வீதம் ஏற்கெனவே நைதரசன்தான். காசைக் கொடுத்து நைதரசன் அடித்துவிட்டு மாதக்கணக்கில் அளக்காமல் விடுவதைவிட, வாரம் ஒரு தடவை நல்ல கேஜால் சாதாரணக் காற்றை அளப்பது பல மடங்கு நன்று. உரிய காற்றில் 80 வீதமோ அதற்குக் குறைவாகவோ வைத்து ஓடிய ரயரை, காற்று இல்லாமலே ஓடியதாகக் கணக்கில் எடுத்து, கழற்றி உள்ளே பார்க்காமல் மறுபடி காற்றடிக்கக் கூடாது என்பது ரயர்த் தொழிலின் விதி. உருக்குக் கம்பிகள் மடிந்து மடிந்து களைத்திருந்தால், காற்றடிக்கும்போதே பக்கச் சுவர் நீளத்துக்குக் கிழிந்து வெடிக்கும். பக்கத்தில் நிற்பவரைக் கொல்லும் வேகம் அதற்கு உண்டு.

பின்னால் உள்ள இரட்டைச் சில்லுகள் தனிக் கவனம் கேட்பவை. இரண்டும் ஒரே சுற்றளவாக இருந்தால்தான் சுமை சமமாகப் பிரியும். 10.00R20 அளவு ரயர்களில் விட்டத்தில் அரை அங்குலத்துக்கு மேல் வித்தியாசம் ஆகாது. புதியதொன்றையும் தேய்ந்ததொன்றையும் சோடியாகப் பூட்டினால், பெரியது எடை முழுவதையும் தூக்கும். சின்னது வீதியில் இழுபட்டுத் தேயும். காற்றிலும் இதே கதை. உள் ரயரில் காற்று இறங்கிவிட்டால், 2500 கிலோ சுமந்த வெளி ரயர் திடீரென்று 5000 கிலோ சுமக்கிறது. பார்வைக்கு வாகனம் நேராகவே நிற்கும். காற்றிழந்த உள் ரயர் உரசி உரசித் தீப்பற்றிய சம்பவங்கள் உலகம் எங்கும் உண்டு. உள் ரயரின் வால்வை எட்டுவது கடினம் என்பதால்தான் அது அளக்கப்படாமல் கிடக்கிறது. வால்வை வெளியே நீட்டும் குழாய் ஒன்றைப் பூட்டிவிட்டால் அந்தச் சாட்டு இல்லை. இரும்புக் கம்பியால் தட்டி ஓசை கேட்கும் வழக்கம் முற்றாகக் காற்றுப் போனதை மட்டும் காட்டும். 110க்கும் 85க்கும் உள்ள வேறுபாடு காதுக்குத் தெரியாது. கிரவல் வீதியிலிருந்து ஏறியதும் இரண்டு ரயருக்கும் இடையில் செருகிய கல்லைத் தேடி எடுப்பதும் அவசியம்.

முறிகண்டியில் பிள்ளையாரைக் கும்பிடாமல் ஏ9இல் வாகனங்கள் போவதில்லை. சாரதி கற்பூரம் கொளுத்துகிறார், பயணிகள் கச்சான் வாங்குகிறார்கள். அந்தத் தரிப்பு ரயர் பார்ப்பதற்கு மிகப் பொருத்தமான இடம். வாகனத்தைச் சுற்றி நடந்து, ஒவ்வொரு ரயரின் தோளிலும் புறங்கையை அருகில் பிடித்துப் பார்க்கலாம். எல்லாம் ஏறத்தாழ ஒரே சூட்டில் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் மற்றவற்றைவிடக் கொதித்தால் அதில் காற்றுக் குறைவு, அல்லது அந்தச் சில்லில் பிரேக் பிடித்துக்கொண்டு நிற்கிறது, அல்லது பெயரிங் போகிறது. மூன்றும் யாழ்ப்பாணம் வரை காத்திருக்கக் கூடியவை அல்ல.

தடத்தை விட வயதைப் பார்ப்பது அரிது. DOT என்ற எழுத்துக்களோடு தொடங்கும் வரியின் கடைசி நான்கு இலக்கங்கள் பிறந்த திகதி. 3219 என்றால் 2019ஆம் ஆண்டின் 32ஆம் வாரம். இறப்பர் ஓடாமலும் கிழடாகும். வெயிலும் ஒட்சிசனும் ஓசோனும் அதை இறுக வைத்து வெடிப்பு விழுத்தும். அதைத் தடுக்க இறப்பருக்குள் கலந்த மெழுகு, ரயர் ஓடி மடியும்போதுதான் மேற்பரப்புக்கு வரும். ஆகவே நாளாந்தம் ஓடும் இ.போ.ச. பஸ்ஸின் ரயர் தேய்ந்து முடிகிறது. சுற்றுலா வாடகைக்கும் கோயில் திருவிழாவுக்கும் மட்டும் வெளியே வரும் பஸ், அடுத்த போகம் வரை வளவில் நிற்கும் நெல் லொறி, வெளிநாடுகளில் ஆண்டுக்குச் சில வாரம் ஓடும் வீட்டு வாகனம் ஆகியவற்றின் ரயர்கள், தடம் புதிதுபோல் இருக்கும்போதே உள்ளுக்குள் செத்துப்போகின்றன. 2012 செப்ரெம்பரில் தென் இங்கிலாந்தின் ஹைண்ட்ஹெட் அருகே ஒரு பஸ் விபத்தில் மூவர் இறந்தனர். வெடித்த முன் ரயரின் வயது 19 ஆண்டுகள். தடம் சட்டப்படி போதுமானதாகவே இருந்தது. அந்த உயிரிழப்புக்குப் பின் நடந்த நீண்ட போராட்டத்தால், 10 ஆண்டு கடந்த ரயரை லொறி, பஸ்களின் முன் அச்சில் பூட்டுவது 2021 பெப்ரவரி 1 முதல் பிரித்தானியாவில் தடைசெய்யப்பட்டது. ஐந்து ஆண்டு கடந்த ரயரை ஆண்டுதோறும் பரிசோதிப்பதும் பத்தாம் ஆண்டில் கழிப்பதும் உற்பத்தியாளர் சிலரின் அறிவுரை. வன்னி வெயிலில் அந்த எல்லையை முன்னுக்கு இழுப்பதே பொருத்தம். நிறுத்திவைக்கும் வாகனத்தை நிழலில், சுமை இறக்கி, ரயருக்குக் கீழ் பலகை வைத்து நிறுத்தினால் ஆயுள் நீளும். எண்ணெய் சிந்திய நிலம் ஆகாது. ரயரைப் பளபளப்பாக்கப் பூசும் பெற்றோலியத் திரவங்களும் இறப்பருக்குக் கேடு.

விலை காரணமாக ரீபில்ட் ரயர் இங்கு தவிர்க்க முடியாதது. 2022 டொலர் நெருக்கடியில் புதிய ரயர் வாங்குவது எவ்வளவு கடினமாக இருந்தது என்பது வாகனம் வைத்திருந்த எவருக்கும் தெரியும். நல்ல உடல் உள்ள ரயருக்கு நல்ல பட்டறையில் புதிய தடம் போடுவது கேவலமான வேலை அல்ல. விமானங்களின் ரயர்களுக்கே அப்படித்தான் செய்கிறார்கள். கேள்வி அந்த உடலைப் பற்றியது. காற்றில்லாமல் ஓடியதா, எத்தனை வயது, முன்னர் எத்தனை முறை தடம் போடப்பட்டது என்பவை தெரியாத ரயரை வாங்கக் கூடாது. ரீபில்ட் ரயர் எதுவானாலும் அதைப் பின்சில்லில்தான் பூட்ட வேண்டும். பஸ்ஸின் முன்சில்லில் ரீபில்ட் ரயரை அமெரிக்கச் சட்டம் முற்றாக விலக்குகிறது. முன் ரயர் வெடித்தால் ஸ்டியரிங் கையை மீறும் என்பதே காரணம்.

பூட்டும் இடத்தில் உயிர்ப் பாதுகாப்பு முதன்மை. 20 அங்குல றிம்மில் ரயரை நிறுத்திப் பிடிப்பது லொக் றிங் என்ற இரும்பு வளையம். துருப்பிடித்தோ வளைந்தோ இருந்தால் காற்றடிக்கும்போது அது பாய்ந்து வரும். இரும்புக் கூட்டுக்குள் சில்லை வைத்து, நீளக் குழாயால், பக்கத்தில் விலகி நின்று காற்றடிக்க வேண்டும். புதிய ரயருக்குப் பழைய ரியூப் போடுவது சில நூறு ரூபாவை மிச்சம் பிடித்து ரயரையே இழக்கும் வழி. பூட்டி 50 முதல் 100 கிலோமீற்றர் ஓடியதும் நட்டுகளை மறுபடி இறுக்க வேண்டும்.

தேய்மானம் வாகனத்தின் நோயையும் சொல்லும். இரு தோளும் தேய்ந்தால் காற்றுக் குறைவு, நடு தேய்ந்தால் கூடுதல், ஒரு பக்கம் தேய்ந்தால் சில்லின் நேர்ப்பாடு பிழை, இடையிடையே குழிந்தால் அதிர்வுதாங்கி பழுது. காரணத்தைத் திருத்தாமல் ரயரை மட்டும் மாற்றினால் அதே தேய்மானம் திரும்பி வரும். தடத்தின் அடியில் உள்ள சிறு மேடுகள் மட்டத்துக்கு வந்தால் ரயர் முடிந்தது. முன்சில்லுக்கு அமெரிக்காவில் 3.2 மில்லிமீற்றர் தடம் கட்டாயம். ஐப்பசி, கார்த்திகை மழையில் வீதியில் நீர் நிற்கும் வன்னிக்கும் இதுவே பொருத்தமான அளவு. எல்லாவற்றையும் மீறி ஓட்டத்தில் முன் ரயர் வெடித்தால் பிரேக்கை அழுத்தக் கூடாது. ஸ்டியரிங்கை இறுகப் பிடித்து நேராக வைத்து, வேகம் தானாகக் குறைய விட்டு ஓரம்கட்ட வேண்டும்.

கழித்த ரயரை வேறு ஒருவர் மறுபடி பூட்டாதபடி விளிம்பை வெட்டிவிட வேண்டும். கராஜ் வளவுகளில் அடுக்கி வைத்தால் மாரி மழையில் நீர் நிரம்பி டெங்கு நுளம்பு பெருகும். அந்த நுளம்பின் முட்டைகள் நீர் வற்றிய பின்னும் மாதக்கணக்கில் உயிரோடு ஒட்டிக்கிடந்து, அடுத்த மழையில் பொரிக்கும். ஆகவே மழைக்கு முன் கூரைக்குள் எடுக்க வேண்டும், அல்லது நீர் தங்காதபடி துளையிட வேண்டும், அல்லது மண்ணால் நிரப்ப வேண்டும். எரிப்பது சட்டத்துக்கும் சுவாசத்துக்கும் விரோதம்.