மலம் கறுப்பாகப் போனால் மறைக்காதீங்க!



சமீபத்தில் ஒரு குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தோம். சேமிப்புப் பணத்தை எண்ணி நோட்டில் எழுதிக்கொண்டிருக்கும்போதே ஒரு அக்கா பக்கத்தில் இருந்தவர் தோளில் சாய்ந்துவிட்டார். முகம் வெளுத்து, கை கால் சில்லிட்டு, வேர்த்துக் கொட்டியது. "காலையில சாப்பிட்டிருக்க மாட்டாங்க, சோடா வாங்கிட்டு வாங்க" என்றார் ஒருவர். எங்களுக்கும் அப்படித்தான் தோன்றியது. குழுவின் ஊக்குநர்தான் அவரைத் திண்ணையில் படுக்க வைத்து, காதோடு காதாகக் கேட்டார். நாலு நாளாக மலம் தார் மாதிரி கறுப்பாகப் போயிருக்கிறது. வீட்டில்கூட யாருக்கும் தெரியாது. "இதைப் போயி யாருகிட்டக்கா சொல்றது?" என்றார்.

உடனே 108-க்குப் போன் போட்டோம். ஆஸ்பத்திரியில் ரத்தம் சோதித்தபோது ஹீமோகுளோபின் 6 தான் இருந்தது. இரைப்பையில் புண், அதிலிருந்து ரத்தக் கசிவு. 2 யூனிட் ரத்தம் ஏற்றி, சிகிச்சை கொடுத்து அனுப்பினார்கள். இப்போது நல்லபடியாக இருக்கிறார். "பேரு வேண்டாம், ஆனா விஷயத்தை எல்லாருக்கும் சொல்லுங்க" என்று அவரே சொன்னதால் இதை எழுதுகிறோம்.

எப்படித் தெரிந்துகொள்வது?

உணவுக்குழாய், இரைப்பை, சிறுகுடலின் ஆரம்பப் பகுதி - இந்த மூன்றில் எங்கே ரத்தம் கசிந்தாலும் பெரும்பாலும் சிவப்பாக மலத்தில் வராது. வயிற்று அமிலத்தில் கலந்து, குடல் முழுக்கக் கடந்து வருவதற்குள் கறுத்துப்போகும். 50 முதல் 100 மில்லி, அதாவது அரை டம்ளர் அளவு ரத்தம் கசிந்தாலே மலம் கறுக்கும். வயிற்றுவலி இல்லாமலும் இது நடக்கலாம். கவனிக்க வேண்டியவை:

1. தார் போலக் கறுத்து, பிசுபிசுவென்று ஒட்டி, கெட்ட நாற்றத்தோடு போகும் மலம்.
2. சிவப்பு ரத்த வாந்தி, அல்லது காப்பித்தூள் மண்டி போன்ற வாந்தி.
3. எழுந்து நின்றால் தலைசுற்றல், படபடப்பு, மயக்கம், வேர்வை.

"சத்து மாத்திரை சாப்பிட்டாலும் கறுப்பாத்தானே போகும்?" என்று கேட்பீர்கள். உண்மைதான். இரும்புச்சத்து மாத்திரையால் மலம் கறுக்கும். ஆனால் தார் போல ஒட்டாது, அந்த நாற்றமும் இருக்காது. சந்தேகம் இருந்தால் நீங்களே முடிவு செய்யாதீர்கள், டாக்டரிடம் காட்டுங்கள்.

எதனால் வருகிறது?

வலி மாத்திரை: அந்த அக்காவுக்கு இதுதான் காரணம். மூட்டுவலிக்காகக் கடையில் வாங்கி, இரண்டு மாதமாகக் காலை ஒன்று, ராத்திரி ஒன்று என்று போட்டிருக்கிறார். நடவு, களையெடுப்பு முடிந்து இடுப்பு வலிக்கிறது என்று நம்மில் எத்தனை பேர் இப்படிச் செய்கிறோம்! டைக்ளோபினாக், இபுபுரூபன், ஆஸ்பிரின் போன்ற மாத்திரைகள் வலியைக் குறைக்கும்போதே, இரைப்பையின் உட்சுவரைக் காக்கும் பூச்சையும் குறைத்துவிடுகின்றன. அப்போது நம் வயிற்று அமிலமே சுவரை அரித்துப் புண்ணாக்குகிறது. "ஊசியாப் போட்டா வயித்துக்கு ஒண்ணும் ஆகாது" என்பதும் தவறு. ஊசி மருந்தும் ரத்தம் வழியாகப் போய் இதே வேலையைச் செய்யும்.

கிருமி: காரம் தின்றதால் புண் வந்தது என்றுதான் நாம் நினைக்கிறோம். ஆனால் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமிதான் பலருக்குக் காரணம். ஆஸ்திரேலியாவில் பேரி மார்ஷல், ராபின் வாரன் என்ற இரண்டு டாக்டர்கள் இதை 1982-ல் கண்டுபிடித்தார்கள். அதற்காக 2005-ல் நோபல் பரிசும் பெற்றார்கள். 10 முதல் 14 நாள் மருந்து சாப்பிட்டால் பெரும்பாலும் குணமாகும். வலி நின்றதும் பாதியில் நிறுத்தக் கூடாது.

குடி: வருடக்கணக்கில் குடித்தால் கல்லீரல் கெட்டு இறுகிவிடும். வாய்க்கால் அடைத்தால் தண்ணீர் வரப்பை உடைக்கிற மாதிரி, கல்லீரலுக்குள் போக முடியாத ரத்தம் உணவுக்குழாய் நரம்புகளில் தேங்கி, அவை புடைத்து ஒருநாள் வெடிக்கும். திடீரென்று நிறைய ரத்த வாந்தி வரும். மஞ்சள் காமாலைக் கிருமிகளான ஹெபடைட்டிஸ் பி, சி நாள்பட்டு இருந்தாலும், குடிக்காதவருக்கும் கல்லீரல் இப்படிக் கெடலாம்.

இவை தவிர, விடாமல் வாந்தி எடுத்து உணவுக்குழாய் கிழிவதாலும், சிலருக்குப் புற்றுநோயாலும் ரத்தம் வரலாம்.

உடனே என்ன செய்வது?

விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். 108-ஐக் கூப்பிடுங்கள். ரத்த வாந்தி எடுப்பவரை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். மோர், எலுமிச்சைச் சாறு, சோடா, பச்சை முட்டை எதுவும் வாயில் கொடுக்காதீர்கள். மயக்கத்தில் புரையேறும், பரிசோதனைக்கும் வயிறு காலியாக இருக்க வேண்டும். சாப்பிட்ட மாத்திரை அட்டைகளையும் காப்பீட்டு அட்டையையும் எடுத்துப் போங்கள்.

ஆஸ்பத்திரியில் முதலில் குளுக்கோஸ் போன்ற திரவமும், தேவைப்பட்டால் ரத்தமும் ஏற்றுவார்கள். பிறகு எண்டோஸ்கோப்பி. "வாயில குழாய் விடுவாங்களாம்" என்று பயந்து பலர் தப்பித்து வந்துவிடுகிறார்கள். அது நுனியில் கேமரா உள்ள மெல்லிய குழாய். வயிற்றை அறுப்பது கிடையாது. அதன் வழியாகவே ரத்தம் கசியும் இடத்தில் கிளிப் போடவும், ஊசி மருந்து செலுத்தவும், வெடித்த நரம்புக்குச் சின்ன ரப்பர் வளையம் போடவும் முடியும். அமிலத்தைக் குறைக்கும் மருந்தும் கொடுப்பார்கள். இதிலும் நிற்காத சிலருக்குத்தான் ஆபரேஷன் தேவைப்படும்.

வராமல் தடுக்க

வலி மாத்திரையைக் கடையில் கேட்டு வாங்கித் தொடர்ந்து சாப்பிடாதீர்கள். வலி தொடர்ந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். ஏற்கெனவே வயிற்றுப்புண் வந்தவர்களும் வயதானவர்களும் அதைக் கட்டாயம் டாக்டரிடம் சொல்ல வேண்டும். ஒன்று மட்டும் கவனம்: இதயத்துக்காக டாக்டர் எழுதிக்கொடுத்த ஆஸ்பிரினைப் பயந்துகொண்டு நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அவரைக் கேட்டே முடிவு செய்யுங்கள்.

குழுவில் என்ன செய்யலாம்?

அடுத்த கூட்டத்துக்கு ஒவ்வொருவரும் வீட்டில் இருக்கும் வலி மாத்திரை அட்டையை எடுத்து வாருங்கள். பெயரைப் படித்து, யார் எத்தனை நாளாகச் சாப்பிடுகிறோம் என்று பேசுங்கள். ராத்திரியில் ஒருவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக நேர்ந்தால் உள்கடன் உடனே கிடைக்கும்படி முன்கூட்டியே தீர்மானம் போட்டு வையுங்கள்.

கடன் கஷ்டத்தைக் குழுவில் சொல்லப் பழகிவிட்டோம். உடம்புக் கஷ்டத்தைச் சொல்லத்தான் இன்னும் கூச்சம். அந்த அக்கா மயங்கி விழுந்தது கூட்டத்தில் என்பதால் பிழைத்தார். வீட்டில் தனியாக இருந்திருந்தால்? மலத்தைப் பற்றிப் பேசுவதில் வெட்கம் ஒன்றுமில்லை சகோதரிகளே. பக்கத்தில் இருப்பவரிடம் முதல் நாளே சொல்லுங்கள்.