தி இன்கம்ப்ளீட் தோம்பு

தி இன்கம்ப்ளீட் தோம்பு என்பது யாழ்ப்பாணத்து ஓவியரும் கலை வரலாற்று ஆசிரியருமான தாமோதரம்பிள்ளை சனாதனன் உருவாக்கிய கலைஞர் நூல் ஆகும். ஷர்மினி பெரெய்ரா நிறுவிய ரேக்கிங் லீவ்ஸ் பதிப்பகம் இதனை 2011 ஆம் ஆண்டில் வெளியிட்டது. இலங்கைப் போரினால் இடம்பெயர்ந்த தமிழ் பேசும் மக்கள் தாம் விட்டுவந்த வீடுகளைப் பற்றிக் கொண்டுள்ள நினைவுகளை இந்நூல் எழுத்தாகவும் படமாகவும் பதிவு செய்கிறது. ஓவியங்களின் படிகளைத் தொகுத்துத் தரும் நூலிலிருந்து கலைஞர் நூல் வேறுபட்டது. இதில் அச்சிடப்பட்ட நூலே கலைப்படைப்பாகும்.

பெயர்

நூலின் பெயர் "முற்றுப்பெறாத தோம்பு" எனப் பொருள்படும். தோம்பு என்பது நிலப் பதிவேடு. இச்சொல் போர்த்துக்கேய மொழியிலிருந்து தமிழுக்கு வந்தது. யாழ்ப்பாணத்தை ஆண்ட போர்த்துக்கேயரும், 1658 இல் அதனைக் கைப்பற்றிய ஒல்லாந்தரும் வரி அறவிடுவதற்காகத் தோம்புகளைப் பேணினர். ஒல்லாந்தர் காலத்தில் குடும்பத்தினரைப் பதியும் தலைத் தோம்பு, காணிகளைப் பதியும் நிலத் தோம்பு என இருவகைத் தோம்புகள் இருந்தன.

பின்னணி

1990 அக்டோபரில் வட மாகாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். 1995 அக்டோபர் இறுதியில், இராணுவம் யாழ்ப்பாணத்தை நோக்கி முன்னேறியபோது, வலிகாமம் மக்கள் பல இலட்சம் பேர் ஊரைவிட்டு நீங்கினர். வீடு இடிந்தும் காணி உறுதி தொலைந்தும் போன பலருக்கு நினைவு மட்டுமே எஞ்சியது.

அமைப்பு

நூலில் 80 கதைகள் உள்ளன. ஒவ்வொரு வீடும் எழுத்துடன் மூன்று வகைப் படங்களாக இடம்பெறுகிறது:

1. வீட்டில் வாழ்ந்தவர் நினைவிலிருந்து கையால் வரைந்த தளப்படம்
2. அதனைக் கட்டடக்கலை முறைப்படி திருத்தி வரைந்த தளப்படம்
3. அக்கதையைக் கேட்டுச் சனாதனன் வரைந்த உலர் வண்ணக்கோல் ஓவியம்

கருத்துருக் கலையாக

1960களில் மேலைநாடுகளில் வளர்ந்த கருத்துருக் கலை, அழகிய பொருளைக் காட்டிலும் அதன் பின்னுள்ள எண்ணத்துக்கு முதன்மை அளித்தது. அமெரிக்கக் கலைஞர் ஜோசப் கோசுத் 1965 இல் ஒரு நாற்காலி, அதன் ஒளிப்படம், அகராதியில் அதன் பொருள் ஆகிய மூன்றையும் அருகருகே வைத்து, இவற்றுள் எது நாற்காலி என்று வினவினார். சனாதனனின் நூலிலும் ஒரே வீடு பல வடிவங்களில் தோன்றுகிறது. ஆனால் கோசுத்தின் படைப்பில் உண்மையான நாற்காலி கண்முன் உள்ளது. இங்கு வீடு இல்லை.

நினைவிலிருந்து வரையும்போது அளவுகள் பிசகலாம். கட்டடக்கலைப் படம் அப்பிசகைத் திருத்துகிறது. திருத்தும்போது வரைந்தவரின் கை மறைந்துவிடுகிறது. உரிமையாளரையும் பரப்பளவையும் பதியும் அரச ஏட்டில் வீட்டில் வாழ்ந்த வாழ்வுக்கு இடமில்லை. அவ்வாழ்வை முழுமையாகப் பதிந்து முடிக்க எந்த ஏட்டாலும் இயலாது என்பதையும் நூலின் பெயர் உணர்த்துவதாகக் கொள்ளலாம்.