நிறுத்து விற்பதற்கு முன்

அலவத்துகொடையில் பழைய வீடொன்று காலியாகும்போது முற்றத்தில் ஒரு சாக்கு இரும்பு கட்டாயம் சேரும். பரணில் கிடந்தது, கோடிக்குள் புதைந்திருந்தது, பாட்டனார் எதற்கென்று சொல்லாமலே விட்டுப்போனது. சிலதை அக்கம்பக்கத்தார் மலிவாக வாங்கிப் போவார்கள். மிச்சத்தைப் பழைய இரும்புக்காரர் தராசில் போட்டுக் கொண்டுபோவார். அப்படிப் போகும் சாமானில் பாதியை நாம் அடையாளம் கண்டுகொள்ளலாம். கொஞ்சம் பொறுமை மட்டும் வேண்டும்.

முதலில், கழுவாதீர்கள். தேசிக்காய் போட்டுத் தேய்ப்பதும் உப்புக்கடதாசி பிடிப்பதும் வேண்டவே வேண்டாம். பித்தளையின் கருமையிலும் இரும்பின் தேய்மானத்திலும்தான் நமக்கு வேண்டிய தகவல் இருக்கிறது. உலர்ந்த துணியால் மண்ணைத் துடைத்து, ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டினால் இரும்பு அல்லது உருக்கு. ஒட்டாவிட்டால் பெரும்பாலும் பித்தளை, செம்பு.

அடுத்தது, பெயரைத் தேடி அலைய வேண்டாம். இதைப் பிடித்தவர் ஓங்கினாரா, இழுத்தாரா, அழுத்தினாரா என்று பாருங்கள். ஓங்கி அடித்த ஆயுதத்தின் தலை கொண்டை போலப் பிதுங்கியிருக்கும். இழுத்து அறுத்த கத்தியின் வாய் நடுவில் குழிந்திருக்கும். பல வருடம் தீட்டிய கத்தி ஒல்லியாகிவிடும். ஒரு பக்கம் மட்டும் சரிவாகத் தீட்டியிருந்தால் அது சீவுவதற்கு.

இந்தப் பகுதியில் அடிக்கடி ஆளைக் குழப்புவது ஒரு சிறு கத்தி. தண்டு நேராக வந்து, நுனி மட்டும் ‘வி’ எழுத்தைப் போல மடிந்திருக்கும். கூர் அந்த மடிப்பின் விளிம்பில் மட்டுமே. மரக்கறி வெட்ட முடியாது, விறகு பிளக்க முடியாது. அது ரப்பர் பால் வெட்டும் கத்தி. மரப்பட்டையில் பால் ஓடும் படையை மட்டும் மெல்லிய சீவலாக எடுக்க வேண்டும். சற்று ஆழமாகப் போனாலும் மரம் காயப்பட்டு, புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாகத்தான் வளரும். அந்த அளவுக்காகவே நுனியை அப்படி மடித்தார்கள். இலங்கைக்கு ரப்பர் கன்று வந்தது 1876இல், கம்பஹாவுக்கு அருகிலுள்ள ஹெனரத்கொடைக்கு. ஆகவே அந்தக் கத்தியை ‘ராஜா காலத்துச் சாமான்’ என்று யாராவது விலை சொன்னால் நம்ப வேண்டாம்.

வளைந்த வாயும் மரப்பிடியும் கொண்ட நீளக் கத்தி என்றால், தேயிலைச் செடியின் கிளையை நறுக்கும் கவ்வாத்துக் கத்தியாக இருக்கலாம். ஒருமுறை அப்படியொன்றைத் தோட்டத்தில் வேலை செய்து ஓய்ந்த பெரியவர் ஒருவரிடம் நீட்டி, “ஐயா, இது என்னங்க?” என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. கத்தியை வாங்கிக் குனிந்தார். இடக்கையால் இல்லாத கிளையைப் பிடித்தார். கீழிருந்து மேலே சாய்வாக ஒரே வீச்சு. “கம்பு பிளக்கக்கூடாது தம்பி” என்றார், அவ்வளவுதான். லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்டது 1867இல். அதற்கு முந்திய கோப்பிக்கும் கவ்வாத்து உண்டு. எனவே உருவத்தை மட்டும் வைத்து வயது சொல்வது சரியல்ல.

இரண்டு கைப்பிடியும் ஓரத்தில் ஒரே கீலும் இருந்தால் பாக்குவெட்டி. மேல்வாய் கூர், கீழ்வாய் மொட்டை. பாக்கு நழுவாமலிருக்க அப்படி. பேனையளவு தண்டும் ஊசி முனையும் என்றால் எழுத்தாணி. மாத்தளையைத் தாண்டி அலுவிகாரையில் ஏட்டில் எழுதிக் காட்டுவதை இன்றும் பார்க்கலாம். கண்டிக் கைவினைஞர்களின் வேலையையும் அவர்கள் செய்த பொருட்களையும் ஆனந்த குமாரசுவாமி 1908இல் நூலாகவே பதிவுசெய்தார். அந்த நூலின் படங்களோடு ஒப்பிட்டுப் பார்ப்பது மிகவும் உதவும்.

பிறகு எழுத்தைத் தேடுங்கள். பிடி சேரும் இடத்தில் வெளிச்சத்தைச் சாய்வாக விழவிட்டால் மங்கிய முத்திரை தெரியும். ஷெஃபீல்ட், பர்மிங்ஹாம் என்ற ஊர்ப்பெயர் இருந்தால் இங்கிலாந்திலிருந்து வந்தது. ‘சிலோன்’ என்றிருந்தால் பெரும்பாலும் 1972க்கு முந்தியது. அந்த வருடம்தான் நாட்டின் பெயர் ஸ்ரீ லங்கா ஆனது. முத்திரையே இல்லாமல் சம்மட்டி அடி மேடுபள்ளமாகத் தெரிந்தால் உள்ளூர்க் கொல்லுப்பட்டறை வேலை என்று எண்ணலாம்.

சாக்கின் அடியில் எண் குத்திய சிறு தகர வட்டம் ஏதும் கிடக்கிறதா என்றும் பாருங்கள். 1901இல் கொண்டுவந்த தகரத் துண்டு முறையில், தமிழகத்திலிருந்து தோட்டங்களுக்கு வந்த தொழிலாளருக்கு, எந்தத் தோட்டம், எத்தனையாவது ஆள் என்று அடையாளமிட்ட தகரம் கொடுத்தார்கள். தராசில் அதற்கு எடையே இல்லை. ஒருவர் கடல் கடந்து வந்ததற்கு மிஞ்சிய ஒரே சாட்சியாக அது இருக்கலாம்.

சட்டத்தையும் மறக்க வேண்டாம். 1815 மார்ச் 2, கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தான நாள். அதற்கு முற்பட்ட பொருளை 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டம் தொல்பொருளாகக் கொள்கிறது. மண் வெட்டும்போது அப்படியொன்று கிடைத்ததாகச் சந்தேகம் வந்தால் தொல்பொருள் திணைக்களத்துக்கோ பொலிசுக்கோ அறிவிக்க வேண்டும்.

ஒப்பிட்டுப் பார்க்க ஹந்தானைத் தேயிலை அருங்காட்சியகமும் தலதா மாளிகைக்குப் பக்கத்திலுள்ள கண்டி தேசிய அருங்காட்சியகமும் இருக்கின்றன. ஆனால் முதலில் உங்கள் ஊர்ப் பெரியவர்களிடம் போங்கள். அவர்கள் இருக்கும்போதே கேளுங்கள். சொன்ன பெயரையும், செய்து காட்டிய வேலையையும், சாமான் கிடைத்த இடத்தையும் ஒரு துண்டுக் கடதாசியில் எழுதி, நூலால் அந்த ஆயுதத்திலேயே கட்டி வையுங்கள்.